அக்டோபர் 26: நவுரு மக்கள் தங்களை எண்ணிப் பார்த்துக் கொண்டாடும் நாள்

கடலோடி எழுதியது:

நவுரு என்ற பெயரை நம்மில் பெரும்பாலோர் இரண்டு வகைச் செய்திகளில்தான் கேட்டிருப்போம். ஒன்று, ஆஸ்திரேலியா நடத்திய அகதிகள் தடுப்பு முகாம். இன்னொன்று, உரமாகப் பயன்படும் பாஸ்பேட் பாறையை விற்றுப் பெரும் பணம் பார்த்துப் பிறகு நொடித்துப்போன தீவு. இரண்டிலும் அந்த மண்ணின் மக்கள் எங்கோ ஓரமாக நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்கிறார்கள், எந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள் என்று தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதற்காகவே இந்த இழை.

தீவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தெற்கே தனியாகக் கிடக்கிறது. அருகிலுள்ள தீவான பனாபாவுக்கே கிழக்கில் 300 கிலோமீட்டர் போக வேண்டும். இவ்வளவு தனியாக இருக்கும் சிறு கூட்டத்துக்கு ஒரு நோய் வந்தாலும் ஒரு சண்டை வந்தாலும் இனமே அழிந்துபோகலாம். நவுருவில் இரண்டும் வந்தன. 1878-ல் ஒரு திருமண விருந்தில் துப்பாக்கி வெடித்து ஓர் இளம் தலைவர் இறந்தார். அங்கே தொடங்கிய குலச் சண்டை 10 ஆண்டுகள் நீடித்தது. அப்போது கப்பல்காரர்கள் துப்பாக்கியும் சாராயமும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1888-ல் ஜெர்மானியர் வந்து தீவைத் தங்கள் ஆட்சியில் சேர்த்து 765 துப்பாக்கிகளைப் பிடுங்கிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அப்புறம் 1920-ல் இன்ஃப்ளூயன்சா பரவி, ஐந்தில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்குச் சாவு. அதன் பின்னாலேயே தொழுநோய்.

அந்தக் காலத்தில் தீவு ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்தது. ஓர் இனம் பிழைத்திருக்க 1,500 பேராவது வேண்டும் என்று ஒரு கணக்கு போட்டார்கள். அந்த எண்ணிக்கையை எட்டும் நாள் பொது விடுமுறை என்று நிர்வாகியாக இருந்த கிரிஃபித்ஸ் அறிவித்தார். தீவே பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று 1,500-ஆவது நவுருவர் பிறந்தாள். அந்தப் பெண் குழந்தையின் பெயர் எய்டெகெனெகென் எய்டகருவோ. இன்றைக்கும் அந்தத் தேதியில்தான் 'அங்காம்' நாள் கொண்டாடுகிறார்கள். அவர்கள் மொழியில் அங்காம் என்றால், பாடுபட்டு ஓர் இலக்கை எட்டிய மகிழ்ச்சி.

அரசன் வென்ற நாள், அறுவடை முடிந்த நாள், கடவுள் பிறந்த நாள் என்றெல்லாம் விழாக்கள் உண்டு. 'நாம் இத்தனை பேர் இருக்கிறோம்' என்பதற்காக ஒரு நாடு முழுக்கக் கொண்டாடும் திருநாள் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வானதி (பிரிஸ்பேன்) எழுதியது:

நல்ல இழை, அண்ணா. எங்கட ஆட்களுக்கு நவுரு என்றால் நெஞ்சு கனக்கிற பெயர். 2007-ல் கடலில் மறிக்கப்பட்ட இலங்கையர் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். 2012-க்குப் பிறகும் பலர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். முகாம் வேலிக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்குத் தீவின் மறுபக்கம் தெரிய வழியில்லை. அதனால்தான் இப்படி ஒரு பதிவு எங்களுக்கும் வேண்டியிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 1,500-ஆவது குழந்தை பிறகு என்ன ஆனாள்?

கடலோடி எழுதியது:

வானதி, அவள் வளர்ந்து பெரியவளாகவில்லை. 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. அடுத்த ஆண்டில் 1,200 நவுருவரைக் கப்பலில் ஏற்றி வடமேற்கே வெகு தூரத்திலுள்ள ட்ரூக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டு போனார்கள். இன்று அந்த இடத்தின் பெயர் சூக், மைக்ரோனேசியாவில் இருக்கிறது. அங்கே பசியும் நோயும். அங்காம் குழந்தையும் அந்த மண்ணிலேயே இறந்துபோனாள்.

ஊரில் விட்டுப்போன தொழுநோயாளிகள் 39 பேரை 1943 ஜூலையில் ஒரு படகில் ஏற்றிக் கடலுக்குள் இழுத்துச் சென்று மூழ்கடித்தார்கள். இதைச் சொல்லாமல் அங்காம் நாளைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

போன 1,200 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். டிரியென்சா என்ற பாஸ்பேட் கப்பலில் 1946 ஜனவரி 31 அன்று ஊர் வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கை மறுபடியும் 1,500-க்குக் கீழே. மறுபடியும் காத்திருந்தார்கள். 1949 மார்ச் 31 அன்று இரண்டாவது அங்காம் குழந்தை பிறந்தது. ஆனாலும் விழா நாளை மாற்றவில்லை. அக்டோபர் 26 அப்படியே நின்றது.

செங்கதிர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இதை அந்த மக்களின் சொந்தத் திருநாளாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1,500 என்ற எண்ணைப் போட்டது யார்? வெள்ளைக்கார நிர்வாகி. அந்த மக்களைக் கணக்கெடுத்தது யார்? அதே நிர்வாகம். அதே சமயம் அவர்கள் காலடியிலிருந்த பாஸ்பேட்டைத் தோண்டி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களில் கொட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்களேதான். நிலத்தை எடுத்துக்கொண்டு 'நீங்கள் பெருகுங்கள், விடுமுறை தருகிறேன்' என்று சொன்ன நாள் எப்படி அந்த மக்களின் பண்பாடு ஆகும்?

கடலோடி எழுதியது:

செங்கதிர் தோழர், எண்ணைப் போட்டது நிர்வாகம்தான், மறுக்கவில்லை. பாஸ்பேட் விஷயமும் உண்மை. 1900 வாக்கில் சிட்னியில் ஓர் அலுவலகக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கல்லை ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் சோதித்துப் பார்த்தார். அது நவுருவிலிருந்து வந்த உயர்தரப் பாஸ்பேட். சில ஆண்டுகளில் சுரங்கம் தொடங்கிவிட்டது.

ஆனால் யார் தொடங்கினார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு விழாவின் சொந்தக்காரரை முடிவு செய்ய முடியாது. 1946-ல் திரும்பி வந்தவர்கள் மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். நிர்வாகியின் கணக்கு அந்த இடத்தில் அவர்கள் கணக்காக ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் பாருங்கள். 1968-ல் விடுதலை பெறும்போது எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஜனவரி 31. ட்ரூக்கிலிருந்து ஊர் திரும்பிய அதே நாள். முதல் குடியரசுத் தலைவர் ஹேமர் டிரோபர்ட்டும் ட்ரூக்கில் இருந்து மீண்டவர்தான். ஆக, விடுதலை நாளிலும் அங்காம் நாளிலும் அவர்கள் நினைப்பது ஒன்றையே: நாங்கள் இன்னும் இருக்கிறோம்.

வானதி (பிரிஸ்பேன்) எழுதியது:

நான் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நவுருவில் குலம் தாய்வழி. பிள்ளை யாருக்குப் பிறந்தாலும் தாயின் குலம்தான் பிள்ளையின் குலம். மொத்தம் 12 குலங்கள். கொடியில் இருக்கிற வெள்ளை நட்சத்திரத்துக்கு 12 முனைகள் இருப்பது அதனால்தான். அலாய்ஸ் கைசர் என்ற பாதிரியார் இந்தக் குலப்பெயர்களுக்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். எயம்விட் என்பது விலாங்கு, எயம்விடாரா தும்பி, டெய்போ ஒரு சின்னக் கறுப்பு மீன், ரனிபோக் கரையில் ஒதுங்கிய பொருள், இருவா அந்நியர்.

'கரையில் ஒதுங்கியது', 'அந்நியர்' என்று குலங்களுக்குப் பெயர் இருப்பதை யோசித்துப் பாருங்கள். கடலில் வழிதவறி வந்தவர்களையும் அந்தச் சமூகம் ஒரு குலமாக்கி உள்ளே எடுத்திருக்கிறது. வந்தவர்களை முகாமில் வைத்தது இன்னொரு நாட்டின் ஏற்பாடு, தீவின் பழக்கம் வேறு.

12 குலங்களில் இருட்சி, இவி என்ற இரண்டும் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டன. குலத்தைத் தொடர வைக்கப் பெண் பிள்ளை வேண்டும். பெண் பிள்ளைகள் இல்லாமல் போன குலம் அதோடு முடிந்தது. குலம் அற்றுப்போவதைக் கண்ணால் கண்ட மக்களுக்கு ஒரு குழந்தையின் பிறப்பை ஊரே எண்ணிக்கொண்டிருப்பது புதிதாக யாரோ கற்றுக்கொடுத்த விஷயமாக இருக்காது. முதல் அங்காம் குழந்தை பெண்ணாகப் பிறந்தது அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

செங்கதிர் எழுதியது:

தாய்வழிக் குலம் பற்றிய தகவல் எனக்குப் புதிது. நன்றி, அக்கா. அதை வைத்துப் பார்த்தால் என் கேள்வியின் வேகம் குறைகிறது. ஆனால் முழுதாகப் போகவில்லை, பிறகு வருகிறேன்.

சேவியர் (தூத்துக்குடி) எழுதியது:

மீன் சம்பந்தமாக நான் கொஞ்சம் சொல்கிறேன். கடலோடித் தம்பி இதை எழுதுவார் என்று காத்திருந்தேன், அவர் விழாவிலேயே நின்றுவிட்டார்.

நவுருவின் உட்பகுதியில் புவாடா என்ற குளம் இருக்கிறது. ஆறு, ஓடை எதுவும் இல்லாத தீவில் இந்தக் குளத்தைச் சுற்றி மட்டும்தான் உள்நாட்டில் பச்சை. இங்கே அவர்கள் தலைமுறை தலைமுறையாக மீன் வளர்த்தார்கள். அவர்கள் 'இபியா' என்று சொல்வது நம்ம பால் கெண்டைதான். இந்த மீன் கடலில்தான் முட்டையிடும். ஆனால் குஞ்சுகள் உப்புக் குறைந்த தண்ணீரிலும் வளரும். இதை அவர்கள் நன்றாகக் கவனித்து வைத்திருந்தார்கள். நீர் வற்றும்போது பாறைத்திட்டு மீது தேங்கும் சின்னக் குட்டைகளில் குஞ்சுகளைப் பிடித்து, சிரட்டையில் எடுத்துவந்து, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் கலந்து பழக்குவார்கள். உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் குஞ்சு செத்துப்போகும். பழகிய பிறகு குளத்தில் விடுவார்கள். குளத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு, தடுப்பு கட்டிப் பிரித்திருந்தது. விருந்து என்றால் அங்கிருந்து மீன் வரும்.

மீன் குஞ்சு வளர்ப்பில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். கருவி எதுவும் இல்லாமல், உப்பளவைத் தெரிந்து செய்திருக்கிறார்கள்.

1960-களில் யாரோ நல்லெண்ணத்தில் திலேப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள். நம்ம ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை செய்ததை அங்கேயும் செய்தது. பெருகி, பால் கெண்டைக்கு இடமும் இரையும் இல்லாமல் செய்துவிட்டது. வளர்ப்பு ஏறத்தாழ நின்றே போனது. அதோடு குஞ்சு பிடிக்கும் பேச்சு, குளப் பங்கு, மீன் விருந்து எல்லாம் சேர்ந்து போய்விட்டன. பண்பாடு அழிந்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம், ஒரு மீனை மாற்றினாலே இவ்வளவும் போகும்.

குமரன் எழுதியது:

சேவியர் அண்ணே, இப்போது திலேப்பியாவை எடுத்துவிட்டுப் பழையபடி வளர்க்க முடியாதா?

சேவியர் (தூத்துக்குடி) எழுதியது:

குளத்திலிருந்து திலேப்பியாவை முழுக்க ஒழிப்பது பெரும் பாடு, தம்பி. வாயில் குஞ்சு வைத்துக் காக்கிற மீன் அது. நாலு தப்பினால் போதும், மறுபடி நிறைந்துவிடும். தனிக் குளம் வெட்டி, தொட்டி கட்டி வளர்க்கும் முயற்சிகள் அங்கே நடந்திருக்கின்றன. அது தொழிலாக வரலாம். பழைய குளப் பங்கு முறை திரும்புமா என்பது வேறு கேள்வி.

மலர்விழி டீச்சர் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். கதைகளைப் பற்றி யாரும் தொடவில்லை. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் நவுருக் கதைகள் இரண்டு உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, உலகம் உண்டான கதை. ஆதியில் கடலும் இருட்டும் மட்டும். அரியோப்-எனாப் என்ற கிழட்டுச் சிலந்தி தனியாகத் திரிகிறது. ஒரு நாள் மிகப் பெரிய சிப்பி ஒன்றைக் காண்கிறது. பசிபிக் பாறைகளில் கிடக்குமே, ஆளையே அடக்கும் அளவு ராட்சதச் சிப்பி, அது. சிலந்தி அதற்குள் நுழைகிறது. உள்ளே கும்மிருட்டு, நிமிர்ந்து நிற்க முடியாது. தடவித் தடவிப் பார்த்தால் ஒரு நத்தை அகப்படுகிறது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் சக்தி அதற்கு ஏறட்டும் என்று மூன்று நாள் தூங்குகிறது. அப்புறம் இன்னொரு நத்தை, அதற்கும் அப்படியே. சின்ன நத்தையிடம் 'கூரையைக் கொஞ்சம் தூக்கு' என்று கேட்கிறது. அது முக்கித் தூக்கச் சற்றே இடைவெளி உண்டாகிறது. சிலந்தி அந்த நத்தையையே எடுத்து மேலே வைக்க, அது நிலா ஆகிறது.

நிலா வெளிச்சத்தில்தான் ரிகி என்ற புழு கண்ணில் படுகிறது. 'உன்னால் இதைத் திறக்க முடியுமா?' ரிகி தலையை மேல் ஓட்டிலும் வாலைக் கீழ் ஓட்டிலும் கொடுத்து எத்துகிறது. வேர்வை ஆறாக ஓடுகிறது. ஓடிய வேர்வை கீழ் ஓட்டில் தேங்கிக் கடல் ஆனது. கடல் உப்புக் கரிப்பது அதனால்தான். மேல் ஓடு வானம், கீழ் ஓடு பூமி. பெரிய நத்தை சூரியன் ஆனது. ரிகியோ, தன் வேர்வையிலேயே மூழ்கிச் செத்துப்போனது. சிலந்தி அதைக் கூட்டில் சுற்றி வானத்தில் தொங்கவிட்டது. இரவில் தெரியும் பால்வீதி அதுதான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, உலகத்தை உண்டாக்கியவர்கள் யாரென்று பாருங்கள்: ஒரு சிலந்தி, இரண்டு நத்தை, ஒரு புழு. பேரரசர்கள் இல்லாத தீவின் கதை இது. யாருக்கும் தனியாக முடியாது, ஒன்றிடம் இன்னொன்று கேட்டுக் கேட்டுத்தான் வேலை நடக்கிறது. பெரும்பாடு பட்டது புழு, அதற்குத்தான் வானத்தில் நீளமான இடம்.

இரண்டாவது, எய்கிகு என்ற பெண்ணின் கதை. மரத்தில் ஏறிக்கொண்டே போய் வானத்தை அடைந்துவிடுகிறாள். அங்கே எனிபராரா என்ற கண் தெரியாத கிழவி தென்னங்கள்ளைப் பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். தாகத்தில் எய்கிகு சிரட்டை சிரட்டையாக எடுத்துக் குடித்துவிடுகிறாள். கிழவி பிடித்துக்கொள்கிறாள். 'விட்டால் உன் கண்ணைச் சரிப்படுத்துகிறேன்' என்கிறாள் எய்கிகு. கண்ணில் உமிழ்கிறாள். கண்ணுக்குள்ளிருந்து ஈயும் எறும்பும் ஊர்வனவுமாக வெளியே ஓடுகின்றன. கிழவிக்குப் பார்வை வந்துவிட்டது. சந்தோஷத்தில், என் மூன்று பிள்ளைகளில் ஒருவனைக் கட்டிக்கொள் என்கிறாள். மூத்தவன் எக்குவான், சூரியன். அவன் அருகில் நிற்கவே முடியவில்லை, அவ்வளவு சூடு. அடுத்தவன் மெரிமான், இடி. அவன் சத்தம் தாங்கவில்லை. மூன்றாமவன் மராமென், நிலா. எய்கிகு அவனைத் தேர்ந்தெடுத்தாள். முழுநிலா நாளில் அவள் முகம் அங்கே தெரியும் என்பார்கள்.

தேர்ந்தெடுப்பது பெண் என்பதையும் கவனியுங்கள். வானதி சொன்ன தாய்வழிக் குலத்தோடு இது பொருந்திப் போகிறது.

வானதி (பிரிஸ்பேன்) எழுதியது:

டீச்சர், கண் தெரியாத கிழவியின் கதை நியூசிலாந்து மாவோரிகளிடமும் இருக்கிறது. அங்கே தாவாக்கி என்ற வீரன் வானத்துக்கு ஏறும் வழியில் கண் தெரியாத பாட்டி கிழங்கு எண்ணிக்கொண்டிருப்பாள், அவன் பார்வை வர வைப்பான். நவுருவில் அதே இடத்துக்குப் போவது ஒரு பெண். கிழங்குக்குப் பதிலாகக் கள். தண்ணீர் அரிதான தீவில் கள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கதைகள் எப்படி எங்கள் காலம் வரை வந்தன?

மலர்விழி டீச்சர் எழுதியது:

முக்கியமாக இரண்டு வழி. ஜெர்மானிய ஆய்வாளர் பால் ஹம்புருக் 1909-10-ல் தீவில் தங்கிக் கேட்டு எழுதியது ஒன்று. இன்னொன்று நவுருவரே செய்தது. டிமோதி டெட்டுடாமோ என்ற தலைவர் 1938-ல் பழைய செய்தி அறிந்தவர்கள் சொன்னவற்றைத் தொகுத்தார். இவர்தான் பிறகு ட்ரூக்கில் தன் மக்களுக்குத் தலைமை தாங்கி, பிழைத்தவர்களோடு ஊர் திரும்பியவர். தேதியைப் பாருங்கள், 1938. ஐந்தே வருடத்தில் தீவு மக்களில் பெரும்பகுதியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே செத்தவர்களில் கதை தெரிந்த முதியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர் அப்போது எழுதி வைத்திராவிட்டால் பாதி போயிருக்கும். வானதி சொன்ன கைசர் பாதிரியாரும் தீவின் விளையாட்டுகளையும் மீன்பிடியையும் பற்றி நிறைய எழுதியவர். அவரையும் ட்ரூக்குக்குக் கொண்டுபோனார்கள், 1944-ல் அங்கேயே இறந்தார்.

இன்னொன்று, நூல் விளையாட்டு. ஒரு நூலை வளையமாக முடிந்து இரண்டு கை விரல்களில் மாட்டி உருவம் செய்வோமே, அதில் நவுருவர்கள் உலகத்தில் தலைசிறந்தவர்கள் என்பார்கள் அதை ஆராய்ந்தவர்கள். மற்ற இடங்களில் ஒரு நட்சத்திரம், ஒரு படகு என்று நிற்கும். இவர்கள் கதைமாந்தரையே நூலில் கட்டினார்கள், எய்கிகுவுக்கும் உருவம் உண்டு. புதிது புதிதாக உருவம் கண்டுபிடித்துப் போட்டியும் போட்டார்கள். ஆனர் மௌட் என்ற பெண்மணி இவற்றைச் செய்முறையோடு பதிவு செய்து வைத்ததால் இன்று யார் வேண்டுமானாலும் பயிலலாம். நான் வகுப்பில் எளிதான ஒன்றிரண்டை முயன்றிருக்கிறேன். பிள்ளைகளின் விரல் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறது.

குமரன் எழுதியது:

பறவை பிடிக்கும் போட்டி ஒன்று உண்டு என்று படித்தேன். அது என்ன?

கடலோடி எழுதியது:

ஃபிரிகேட் பறவை. கறுப்பாக, நீண்ட இறக்கையும் பிளவுபட்ட வாலுமாக, மணிக்கணக்கில் இறக்கை அசைக்காமல் மிதக்கும். கடல்பறவைதான், ஆனால் இறகில் நீர் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தண்ணீரில் இறங்காது. மற்ற பறவைகள் பிடித்த மீனைத் துரத்திப் பறித்துத் தின்னும்.

நவுருவர்கள் இதை உண்பதற்காகப் பிடிக்கவில்லை, வளர்ப்பதற்காகவே பிடித்தார்கள். கரையோரம் மரச்சட்டங்கள் நட்டு, பழகிய பறவைகளை அதில் உட்கார வைப்பார்கள். அவற்றைப் பார்த்துக் காட்டுப் பறவைகள் தாழ இறங்கும். அந்த நேரத்தில், நுனியில் சிறு எடை கட்டிய கயிற்றை வீசினால் கயிறு இறக்கையில் சுற்றிக்கொள்ளும். பறவைக்கு அடிபடாமல் இறக்க வேண்டும். இரண்டு அணியாகப் பிரிந்து எந்த அணி அதிகம் பிடிக்கிறது என்று போட்டி. பிடித்த பறவைக்குக் கையால் மீன் ஊட்டிப் பழக்குவார்கள். பழகியதும் கட்டாமல் விட்டாலும், கடலுக்குப் போய்விட்டு மாலையில் அதே சட்டத்துக்கு வந்து உட்காரும். பறவை வளர்க்கும் வழக்கம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

உண்பதற்குப் பிடிப்பது வேறு பறவை, நாடி எனப்படும் கருநிற ஆலா. மாலையில் கூடு திரும்பும்போது நீண்ட கழியில் கட்டிய வலையால் பிடிப்பார்கள். முன்பு அதன் குரலைத் தாங்களே எழுப்பி அழைத்தார்கள், இப்போது பதிவு செய்த ஒலியை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். ஆலா கூடு கட்டுவது பெரும்பாலும் மேட்டு நிலத்துப் புன்னை மரங்களில். ஆம், நம் நெய்தல் நிலத்துப் புன்னையேதான், அங்கே தொமானோ என்கிறார்கள்.

அந்த மேட்டு நிலத்தில்தான் பாஸ்பேட் இருந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு அந்த மேடு. மண்ணையும் மரத்தையும் வழித்துவிட்டு, பாறைகளுக்கு நடுவிலிருந்த பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்ததில் இப்போது கூர்கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. மரம் போனது, ஆலாவுக்குக் கூடு கட்டும் இடம் சுருங்கியது.

நவுருவின் அரசுச் சின்னத்தைத் தேடிப் பாருங்கள். மேலே பாஸ்பரசைக் குறிக்கும் பழைய ரசவாதக் குறி. கீழே ஒரு பாதியில் ஃபிரிகேட் பறவை, மறு பாதியில் புன்னைக் கிளை. பக்கவாட்டில் தென்னங்கயிறும் பறவை இறகும் சுறாப் பல்லும். வாழ்வு தந்ததும் அதைத் தின்றதும் ஒரே கேடயத்தில் இருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

செங்கதிர் எழுதியது:

என் பாக்கிக் கேள்வியோடு வருகிறேன். 1932-ல் 1,500 என்று எண்ணினார்களே, தீவில் அன்று இருந்தவர்கள் அவ்வளவுதானா? சுரங்கத்தில் உழைத்த சீனத் தொழிலாளர்களும் கில்பர்ட் தீவினரும் (இன்றைய கிரிபாட்டி நாட்டவர்) எந்தக் கணக்கில் வந்தார்கள்? லொகேஷன் என்று தனிக் குடியிருப்பில் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மண்ணை வெட்டியது அவர்கள் கை. அங்காம் நாளின் எண்ணிக்கையில் அவர்கள் இல்லை. இதையும் இழையில் பதிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன், விழாவைக் குறை சொல்ல அல்ல.

வானதி (பிரிஸ்பேன்) எழுதியது:

பதிய வேண்டியதுதான், தம்பி. நாடு விட்டுப் போய் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் நாங்களும், அந்த வலி தெரியும். ஆனால் அந்தத் தொழிலாளருக்குத் திரும்பிப் போக ஒரு சீனா இருந்தது, கில்பர்ட் தீவுகள் இருந்தன. நவுருவர் அழிந்தால் அந்த மொழி பேச உலகில் வேறு எங்கும் ஆள் இல்லை. எண்ணிக்கை அவர்களுக்கு மட்டும் உயிர்ப் பிரச்சினையாக இருந்ததற்கு அதுதான் காரணம். ஒதுக்கி வைத்த குற்றம் சுரங்கக் கம்பெனியுடையது, நிர்வாகத்துடையது.

செங்கதிர் எழுதியது:

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன், அக்கா.

குமரன் எழுதியது:

அங்காம் தவிர வேறு என்ன விடுமுறை நாட்கள்?

கடலோடி எழுதியது:

ஜனவரி 31 விடுதலை நாள். மே 17 அரசியலமைப்பு நாள். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை என்பதால் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் உண்டு. 1899-ல் வந்த டெலபோர்ட் என்ற போதகர் 1918-க்குள் பைபிள் முழுவதையும் நவுரு மொழியில் கொண்டுவந்துவிட்டார். மொழிக்கு அதனால் எழுத்து வடிவம் கிடைத்தது, ஆனால் அதே காலத்தில்தான் பழைய ஆட்டங்கள் கண்டிக்கப்பட்டு மறைந்தன.

அங்காம் நாள் அன்று வழிபாடு, உரைகள், போட்டிகள் எல்லாம் இருந்தாலும் முதலிடம் குடும்ப விருந்துக்கு. தேங்காய்ப்பாலில் ஊறவைத்த பச்சை மீன் தவறாது. தாழம்பழம் ஒரு காலத்தில் முக்கிய உணவு, பிசைந்து உலர்த்திப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இப்போது அரிசியும் டின் இறைச்சியும்தான் அதிகம். விளைநிலம் போன பிறகு எல்லாம் கப்பலில் வருகிறது.

செங்கதிர் கேட்டதற்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். 1964-ல் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. தீவு சுரண்டப்பட்டுத் தீர்ந்துவிடும், அதனால் குயின்ஸ்லாந்துக் கரையிலுள்ள கர்டிஸ் தீவில் எல்லோரையும் குடியேற்றுகிறோம், வீடும் குடியுரிமையும் தருகிறோம் என்றது. ஆஸ்திரேலியர்களாக வந்தால் போதும். வசதி என்று பார்த்தால் மறுக்க முடியாத பேரம். நவுருவர்கள் தனி மக்களாகவே இருக்கும் உரிமை வேண்டுமென்று கேட்டார்கள், அது கிடைக்காது என்றதும் மறுத்துவிட்டார்கள். நான்கே ஆண்டில் விடுதலை. 1989-ல், சுரண்டிய நிலத்துக்கு ஈடு கேட்டு ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள். 1993-ல் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு ஆனது.

மலர்விழி டீச்சர் எழுதியது:

இந்த வாரம் வகுப்பில் ரிகியின் கதையைச் சொல்லப் போகிறேன். சேவியர் அண்ணே, பால் கெண்டைக் குஞ்சைப் பழக்கும் முறையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்படி கொஞ்சம் விரிவாக எழுதித் தர முடியுமா? உப்பளவு எந்த வேகத்தில் குறைக்க வேண்டும் என்பது தெரிந்தால் ஒரு தொட்டியில் காட்டலாம்.

சேவியர் (தூத்துக்குடி) எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன், டீச்சர். குஞ்சு கிடைப்பது பருவத்தைப் பொறுத்தது, அதையும் விசாரித்துச் சொல்கிறேன்.